கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்றை அளந்து கொடுங்கள், இரவில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் ஆட்கள் கூடும் பெரிய இடங்களில், அது வைத்தியசாலையோ ஆடைத் தொழிற்சாலையோ விடுதியோ, வளவின் பின்மூலையில் ஒரு கழிவுநீர்த் தொட்டியும் பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் ஒரு புளோவர் (தொட்டிக்குள் காற்றடிக்கும் இயந்திரம்) அறையும் இருக்கின்றன. அந்த அறையின் மின்கட்டணம் நிர்வாகத்தின் கண்ணை உறுத்துகிறது. மின்பட்டியல் கூடியதும் மேலிடத்திலிருந்து பெரும்பாலும் ஒரே உத்தரவுதான் வருகிறது: "இரவில் புளோவரை நிற்பாட்டி வையுங்கள்." இந்த உத்தரவு ஏன் பிழை என்பதையும், கெடுதல் இல்லாமல் மின்சாரத்தைக் குறைக்கும் வழி எது என்பதையும் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

தொட்டிக்குள் கழிவைத் தின்று வேலை செய்பவை நுண்ணுயிர்கள். எங்கள் வெயிலில் தொட்டி நீர் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அந்தச் சூட்டில் அவை வேகமாகச் சுவாசிக்கும். புளோவரை நிறுத்தினால் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் ஐந்து, பத்து நிமிடங்களில் தீர்ந்துபோகும். அடுத்து நுண்ணுயிர்கள் நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனை எடுக்கும். அதுவும் முடிந்தபின் அழுகல் தொடங்கி, முட்டை நாற்றம் எழும். கசடு படிந்து தெளிநீர் வெளியேறும் அடையல் தொட்டியின் அடியில் தங்கிய கசடு, அதாவது நுண்ணுயிர்த் திரள், நைதரசன் குமிழிகளோடு கட்டிகட்டியாக மேலே மிதக்கும். எட்டு மணிநேரம் நிறுத்திவிட்டு விடிய ஆறு மணிக்கு மீண்டும் போட்டால், காலை நேரத்துப் பெருந்தண்ணீர் அந்தக் கசட்டை அப்படியே வெளியே அள்ளிக்கொண்டு போகும். வெளியேறும் நீரில் உயிரியல் ஒட்சிசன் தேவை (கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கும், மிதக்கும் திண்மம் 50 மில்லிகிராமுக்கும் மேற்படக்கூடாது என்பது உள்ளூர் நீர்நிலைகளுக்கான சுற்றாடல் நியமம். அந்தக் காலை நேரத்தில் மாதிரி எடுத்துப் பார்த்தால் இரண்டும் தவறும். வன்னியில் வாய்க்கால் எதுவானாலும் கடைசியில் ஏதோ ஒரு குளத்தில்தான் போய் விழுகிறது. அந்தக் குளத்தில்தான் சனம் குளிக்கிறது, மீன் பிடிக்கிறது, வயலுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது.

ஒரு நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல், சில இடங்களில் முக்கால்வாசி, காற்றூட்டலுக்கே போகிறது. மிச்சம் பம்பிகளுக்கும் கசட்டு வேலைகளுக்கும். வெளிச்சத்துக்குப் போவது சொற்பம். மின்குமிழை மாற்றிவிட்டு நிலையத்தில் மின்சாரம் சேமித்தோம் என்று அறிக்கை எழுதுவது வீண்வேலை.

நாளொன்றுக்கு 200 கனமீற்றர் கழிவுநீர் வரும் ஒரு நிலையத்தை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். உள்ளே வரும் நீரின் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்றால், ஒருநாள் சுமை 50 கிலோ. அதைத் தின்று தீர்க்கவும் கசடு தன்னைத்தானே எரித்துக்கொள்ளவும் சுமார் 65 கிலோ ஒட்சிசன் வேண்டும். அமோனியா வடிவில் உள்ள 6 கிலோ நைதரசன் நைத்திரேற்றாக மாற்றப்பட வேண்டும் என்று வைத்தால், கிலோவுக்கு 4.57 கிலோ வீதம் இன்னும் 27 கிலோ. மொத்தம் 92 கிலோ. தொட்டியின் அடியிலிருந்து காற்றைச் சிறு குமிழிகளாக விடும் நுண்குமிழித் தட்டுகள் நல்ல நிலையில் இருந்தால் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஒன்றரைக் கிலோ ஒட்சிசனாவது கழிவுநீருக்குள் சேரும். ஆகவே நாளொன்றுக்கு 60 அலகுக்குச் சற்று மேலே போதும். அதே இடத்தில் 11 கிலோவாற் புளோவர் ஒன்று 9 கிலோவாற் இழுத்தபடி 24 மணிநேரமும் ஓடினால் 216 அலகு. தேவையை விட மூன்று மடங்குக்கு மேல். இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? வடிவமைத்தவர் இருபது வருடத்துக்குப் பிந்திய சனத்தொகையை மனதில் வைத்துப் புளோவரைத் தெரிந்தார், அதற்கு மேல் பாதுகாப்புக்கென்று ஒரு பங்கு கூட்டினார், இன்று வருவதோ அதில் பாதிச் சுமை. இங்கே இயக்குபவர்மேல் குற்றமில்லை. கூடுதலான காற்றைக் குறைக்கும் கருவியோ அதிகாரமோ அவரிடம் கொடுக்கப்படவில்லை.

முதலில் வாங்க வேண்டியது கையில் பிடித்து அளக்கும் கரைந்த ஒட்சிசன் மானி ஒன்று. தொட்டியின் நடுவில், ஒரு மீற்றர் ஆழத்தில், விடிய ஐந்து மணிக்கும் முற்பகல் பத்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரு கிழமை தொடர்ந்து அளந்து எழுதுங்கள். அளவு 1.5 முதல் 2 மில்லிகிராம் இருந்தால் போதும். அளவுக்கு மிஞ்சிக் காற்றடிக்கும் தொட்டியில் விடியற்காலை வாசிப்பு 5, 6 என்று நிற்கும். இது ஏன் வீண் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 30 பாகையில் நீர் ஏற்கக்கூடிய ஒட்சிசனின் உச்சம் லீற்றருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம். அந்த உச்சத்துக்கும் தொட்டியில் இப்போது இருக்கும் அளவுக்கும் இடையிலான வித்தியாசமே ஒட்சிசனை நீருக்குள் தள்ளுகிறது. அளவு 2 ஆனால் வித்தியாசம் ஐந்தரை. அளவு 5 ஆனால் இரண்டரைதான். ஆகவே 5 இல் வைத்திருப்பதற்கு 2 இல் வைப்பதைப்போல் இருமடங்குக்கும் அதிகமான காற்று வேண்டும், நுண்ணுயிர்களோ அதனால் கூடுதலாக ஒரு கிராமும் தின்னப்போவதில்லை. மானியின் முனையில் கொழுப்புப் படியும், கிழமைக்கு ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்து, ஈரக்காற்றில் பிடித்துச் சரிபாருங்கள். அழுக்கு முனை குறைத்தே காட்டும், அதை நம்பி மேலும் காற்றைக் கூட்டுவார்கள்.

காற்று மிஞ்சுகிறது என்று தெரிந்ததும் பலரும் செய்வது, புளோவரின் வெளியேற்று வால்வைக் கொஞ்சம் மூடுவது. ரூட்ஸ் வகைப் புளோவரில் இது நேர் எதிராக முடியும். அது சுழற்சிக்கு இவ்வளவு என்று காற்றைத் தள்ளியே தீரும். வழியை நெருக்கினால் அமுக்கம் ஏறும், அமுக்கத்தோடு மின்சாரமும் ஏறும், கடைசியில் பாதுகாப்பு வால்வு திறந்து இரையும். காற்றை வெளியே திறந்துவிடுவதும் சேமிப்பாகாது, சுருக்கிய காற்றுக்குக் காசு கொடுத்தாயிற்று. சரியான வழி வேகத்தைக் குறைப்பது. அதற்கு மிக மலிவான முறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை: மோட்டரின் புல்லியை (பெல்ற் ஓடும் சில்லை) ஒரு அளவு சிறிதாக மாற்றுவது. நிரந்தரமாகக் கால்வாசிக் காற்று கூடுதல் என்றால், கால்வாசி சிறிய புல்லியும் புதிய பெல்ற்றும் போட்டால் வேலை முடிந்தது. புளோவரின் தகட்டில் அல்லது கைநூலில் சொல்லப்பட்ட குறைந்த வேகத்துக்குக் கீழே மட்டும் போகக்கூடாது, போனால் எண்ணெய் சரியாகத் தெறிக்காது, தலை சூடாகும்.

சுமை நேரத்துக்கு நேரம் மாறும் இடங்களில் மீடிறன் மாற்றும் இன்வேட்டர் நல்லது. ஆனால் அதை விற்க வருபவர், வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டிலொன்றாகும் என்று சொன்னால் நம்பவேண்டாம். அந்தக் கணக்கு உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் விசிறிக்கும் மையநீக்கப் பம்பிக்கும் உரியது. நான்கு மீற்றர் நீரின் கனத்தை எதிர்த்துத் தள்ளும் ரூட்ஸ் புளோவரில் அமுக்கம் மாறாது, வேகம் குறைகிற விகிதத்திலேயே மின்சாரமும் குறையும். 50 இலிருந்து 38 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால் ஏறத்தாழக் கால்வாசி மிச்சம். அதுவே நல்ல தொகைதான், பொய்க்கணக்குத் தேவையில்லை.

இன்வேட்டருக்கும் பணமில்லை என்றால் ஒரு ரைமர் போதும். முப்பது நிமிடம் ஓட்டி முப்பது நிமிடம் நிறுத்துவது என்று தொடங்குங்கள். இது இரவு முழுக்க நிறுத்துவதைப் போன்றதல்ல. அரை மணிநேர இடைவெளியில் கரைந்த ஒட்சிசன் தீர்ந்தபின் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றின் ஒட்சிசனைப் பயன்படுத்தும். நைத்திரேற்றில் உள்ள ஒரு கிலோ நைதரசன் வாயுவாகப் பிரியும்போது 2.86 கிலோ ஒட்சிசனுக்கு ஈடான வேலை நடக்கிறது. அமோனியாவை மாற்றச் செலவழித்த 4.57 கிலோவில் அறுபது வீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. கூடவே அமோனியா மாற்றத்தில் நீர் இழந்த காரத்தன்மையில் பாதியும் மீளும். அடையல் தொட்டியில் கசடு மிதப்பதும் குறையும், ஏனென்றால் மிதக்கச் செய்யும் நைத்திரேற்று முன்கூட்டியே போய்விடுகிறது. நிறுத்தும் நேரம் ஒரு மணிநேரத்தைத் தாண்டவேண்டாம். ரப்பர்ச் சவ்வு போட்ட தட்டுகள் இப்படி நிறுத்தி ஓட்டுவதைத் தாங்கும், காற்று நின்றதும் துளைகள் தாமே மூடிக்கொள்ளும். பீங்கான் தட்டுகளுக்கு இது ஒத்துவராது, துளைக்குள் கசடு புகுந்து அடைக்கும். புளோவர் ஒவ்வொன்றுக்கும் திரும்பாவால்வு சரியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நின்ற புளோவர் பின்பக்கமாகச் சுழலும். சுழன்றுகொண்டிருக்கும்போது மோட்டரைப் போட்டால் பெல்ற்றோ தண்டோ போகும்.

அடுத்தது தட்டுகள். வன்னியில் குழாய்க்கிணற்று நீர் பல இடங்களில் கடினத்தன்மை கூடியது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே கல்சியம் காபனேற்றுத்தான் தொட்டியின் அடியில் இருக்கும் நுண்குமிழித் தட்டிலும் படிகிறது. துளை வழியாக வரும் சூடான காற்று நீரை உலர்த்துவதால் படிவு முதலில் துளை விளிம்பிலேயே பிடிக்கும். ஒரு தட்டைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்த்தால், கறுத்த ரப்பரின்மேல் வெள்ளைச் சொரசொரப்பும், அதன்மேல் பழுப்புச் சளிப்படலமும் இருக்கும். நகத்தால் சுரண்டினால் மணலைப்போல் உதிரும். கையால் மடித்துப் பார்த்தால் புதுச் சவ்வைப்போல் வளையாது, விறைத்திருக்கும்.

தட்டைக் கழற்றாமலே இதை அறிய அமுக்கமானி போதும். தட்டுக்கு மேல் 3.8 மீற்றர் நீர் நின்றால் அதன் அமுக்கம் சுமார் 375 மில்லிபார். குழாய் உராய்வுக்கு இருபது, முப்பது. புதுச் சவ்வுக்கு முப்பதிலிருந்து அறுபது. ஆக 430 முதல் 460 மில்லிபார் என்பதே நல்ல நிலை. நிலையம் புதிதாக இருந்த நாளில் மானி காட்டியதைச் சுவரில் பெயின்ற்றால் எழுதி வைத்திருக்கவேண்டும். எழுதியிருக்காவிட்டால் சவ்வு மாற்றும் நாளில் எழுதுங்கள். மானி 550 காட்டினால் அதே காற்றுக்கு ஐந்திலொரு பங்கு மின்சாரம் கூடப் போகிறது. அதற்கிடையில் ஏதாவது ஒரு மூலையில் தண்ணீர் பானைபோல் கொதித்தால், அங்கே சவ்வு கிழிந்திருக்கிறது. பெருங்குமிழி நீருக்குள் ஒட்சிசனைக் கொடுக்காமலே மேலே ஓடிவிடும். ஆழம் ஒரு மீற்றருக்கு நுண்குமிழி ஏறத்தாழ ஆறு வீத ஒட்சிசனை நல்ல நீரில் கரைக்கும், பெருங்குமிழிக்கு அதில் பாதியும் கிடைக்காது.

கிழமைக்கு ஒருமுறை காற்று முழுவதையும் ஒரு வரிசைத் தட்டுகளுக்கே திருப்பி, தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவுக்குள், கால்மணிநேரம் விட்டால் சவ்வு ஊதி விரிந்து படிவு தெறிக்கும். அடிக்குழாயில் தேங்கும் நீரை வெளியேற்றும் மெல்லிய குழாயும் வால்வும் தொட்டிக் கட்டில் இருக்கும், அதையும் அன்றைக்கே திறந்து விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வெயில் காலத்தில் தொட்டியை இறக்கி, நீர்த்தாரையால் கழுவி, ஐதான சித்திரிக் அமிலம் அல்லது ஐதரோகுளோரிக் அமிலம் பூசி, நுரை அடங்கியபின் கழுவிவிடுவது நல்லது. அமிலத்தையும் குளோரினையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுக்கவே வேண்டாம். இறக்கிய தொட்டிக்குள் காற்றோட்டம் கொடுக்காமல், வெளியே கயிறு பிடிக்க ஆளில்லாமல் ஒருவரும் இறங்கக்கூடாது. கசட்டைக் கிளறும்போது எழும் ஐதரசன் சல்பைட்டு ஒருசில மூச்சில் ஆளை விழுத்தும். காற்றடிக்கும் தொட்டியில் விழுந்தாலும் மிதப்பது கடினம், குமிழி நிறைந்த நீர் உடலைச் சரியாகத் தாங்காது. கைபிடிவேலி இல்லாத தொட்டிக்கு முதலில் வேலி போட்டுவிட்டுப் பிறகு மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோம்.

புளோவர் அறை ஒரு தனிக்கதை. தகரக் கூரை, ஒரு சிறு யன்னல், உள்ளே மூன்று மோட்டர். மத்தியானத்தில் அந்த அறை 45 பாகைக்கு ஏறும். 30 பாகைக் காற்றோடு ஒப்பிட்டால் 45 பாகைக் காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ ஐந்து வீதம் குறைவு, அதே மின்சாரத்துக்கு அவ்வளவு நட்டம். உறிஞ்சு குழாயை நிழல்பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்து, மழை புகாத வளைவு போட்டால் போதும். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் இன்னொரு சோதனை வரும். வெட்டுமெசின் கிளப்பும் வைக்கோல் தூசி புளோவரின் வடிகட்டியை ஒரு கிழமையிலேயே அடைத்துவிடும். வடிகட்டிக்குப் பின்னால் ஒரு துளையிட்டு, உள்ளே கொஞ்சம் நீர் விட்ட தெளிந்த பிளாஸ்ரிக் குழாயை 'ப' எழுத்தைப்போல் வளைத்து மாட்டுங்கள். சுத்தமான வடிகட்டியில் இருபக்க நீர்மட்ட வித்தியாசம் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர். ஐந்தைத் தாண்டினால் கழற்றித் தட்டவேண்டும். இருபது வரை விட்டால், காற்று இரண்டு வீதம் குறைந்து மின்சாரம் நாலைந்து வீதம் கூடியிருக்கும். பெல்ற்றையும் அப்போதே பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கும் இடையே அரைமீற்றர் என்றால் நடுவில் விரலால் அழுத்தும்போது எட்டு மில்லிமீற்றர் அளவு தாழவேண்டும். அதைவிடத் தளர்ந்தால் வழுக்கும், இறுகினால் பெயாரிங் போகும். புல்லிகள் ஒரே கோட்டில் உள்ளனவா என்று அறிய ஒரு நூலை இரண்டின் முகத்திலும் இழுத்துப் பிடித்தால் தெரியும்.

கசட்டை வெளியே எடுக்காமல் விடுவதும் மின்சாரத்தைத் தின்கிறது. உலர்த்தும் மணற்படுக்கை நிரம்பிவிட்டது, ஏற்றிப்போக வாகனமில்லை என்று மாதக்கணக்கில் கசட்டைத் தொட்டிக்குள்ளேயே சுற்றவிடுவார்கள். அது கனக்கக் கனக்கத் தன் சுவாசத்துக்கே ஒட்சிசன் கேட்கும், நீரும் தடித்துக் குமிழியிலிருந்து ஒட்சிசன் இறங்குவது குறையும். ஒரு லீற்றர் அளவுசாடியில் தொட்டி நீரை நிரப்பி முப்பது நிமிடம் அசையாமல் வையுங்கள். கசடு 200 முதல் 400 மில்லிலீற்றருக்குள் படிந்தால் நல்லது. 600, 700 என்று நின்றால், பாதி நீர் பாதி தொட்டிநீராகக் கலந்து மறுபடி வைத்துப் பாருங்கள். அப்போது விரைந்து படிந்தால் கசடு மிகுதி, எடுத்தே ஆகவேண்டும். அப்போதும் படியாவிட்டால் இழைநுண்ணுயிர் பெருகியிருக்கிறது, அதற்குக் காரணம் வேறு.

பம்பிகளைப் பற்றிச் சுருக்கமாக: கழிவுநீர் சேரும் கிணற்றுக்குள் வரும் வழியை அடைத்து, பம்பியை ஐந்து நிமிடம் ஓட்டி, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளந்து கிணற்றின் பரப்பால் பெருக்கினால் உண்மையான பாய்ச்சல் தெரியும். மணிக்கு 30 கனமீற்றரைப் பத்து மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, பம்பியும் மோட்டரும் சேர்ந்து ஐம்பது வீத வினைத்திறனில் ஓடினாலும், 1.6 கிலோவாற் போதும். மூன்று கிலோவாற் இழுத்தால் உள்ளே துணி சுற்றியிருக்கும், அல்லது திரும்பாவால்வு கசிந்து தூக்கிய நீரே திரும்பக் கிணற்றுக்குள் விழும். அடையல் தொட்டிக் கசட்டைத் திருப்பி அனுப்பும் மீள்கசட்டுப் பம்பி உள்வரும் நீரின் பாதியிலிருந்து முழுஅளவு வரை ஓடினால் போதும், இரண்டு மூன்று மடங்கு ஓட்டுவது வழக்கமாகிப்போன வீண். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழியில் கொண்டுவந்து விட்டிருப்பதும் தெரியவரும். மழை நாளின் அதிகாலை மூன்று மணிப் பாய்ச்சலை வெயில் காலத்ததோடு ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் முழுவதும் காசு கொடுத்து ஏற்றி இறக்கும் மழைநீர்.

மலக்குழி உறிஞ்சும் பவுசரை நேரே தொட்டிக்குள் இறக்கவிடுவதும் பெருந்தவறு. 4000 லீற்றர் பவுசரில் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 5000 மில்லிகிராம் என்றால் அது ஒன்றே 20 கிலோ, மேலே சொன்ன நிலையத்தின் ஒருநாள் சுமையில் ஐந்தில் இரண்டு பங்கு. தனித் தொட்டியில் பிடித்து, சல்லடை போட்டு, இரவு பத்தரைக்குப் பிறகு சிறுகச் சிறுக விடவேண்டும்.

ஏன் பத்தரை? நேரவாரிக் கட்டணத்தில் உள்ளவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு நேரம். உங்கள் பட்டியல் அந்த வகையா என்று முதலில் பாருங்கள். அந்த வகை என்றால், சமப்படுத்தும் தொட்டியை மாலை ஆறு மணிக்கு வெறுமையாக்கி வைத்துக்கொண்டு, உச்ச நான்கு மணிநேர வரத்தை அதற்குள் பிடித்துவைக்கலாம். 200 கனமீற்றர் நிலையத்துக்கு, மாலை நேரப் பெருக்கையும் சேர்த்து, ஏறத்தாழ 60 கனமீற்றர் இடம் வேண்டும். அந்த நேரத்தில் புளோவரை முழுதாக நிறுத்தாமல், இருபது நிமிடம் ஓட்டி நாற்பது நிமிடம் நிறுத்துங்கள். கசட்டுத் தொட்டிக் காற்றூட்டல், வடிகட்டி கழுவுதல், சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு ஏற்றுதல் எல்லாம் மலிவு நேரத்துக்குப் போகட்டும். கூரையில் சூரியப்படல் உள்ள இடத்தில் இவற்றை மத்தியானத்துக்கு மாற்றுவதே இலாபம்.

பட்டியலின் இன்னொரு வரி கிலோவோல்ற் அம்பியர் (கே.வி.ஏ.) உச்சக்கேள்வி, அதாவது ஒரே நேரத்தில் இழுத்த மின்சாரத்தின் உச்சம். மாதத்தில் ஒருமுறை ஏறிய உச்சத்துக்கே முழு மாதமும் காசு. மோட்டர் தொடங்கும் கணத்து மின்னோட்டம்தான் இதை ஏற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சில செக்கன்களில் அடங்கிவிடும், மீற்றர் எடுக்கும் சராசரியில் பெரிதாகத் தெரியாது. மின்வெட்டு முடிந்ததும் இரண்டு புளோவரையும் எல்லாப் பம்பிகளையும் ஒன்றாக ஒரு மணிநேரம் ஓட்டுவதே உச்சத்தை ஏற்றுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும்படி பனலில் பூட்டு வைக்கலாம். வலுக்காரணியையும், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கையும் பாருங்கள். 30 கிலோவாற் சுமை 0.70 வலுக்காரணியில் ஏறத்தாழ 43 கே.வி.ஏ. ஆகும், 0.95 இல் 32 க்குள் அடங்கும். சிறு கைத்தொழில் இணைப்புக்கும் அடுத்த கட்டண வகைக்கும் இடையிலான எல்லை 42 கே.வி.ஏ. என்பதால் இது சிறு விடயமல்ல. இருபது கிலோவார் (kVAr) அளவு கப்பாசிற்றர் இதைச் சரிசெய்யும். இன்வேட்டருக்கும் மோட்டருக்கும் இடையில் மட்டும் அதைப் போடவேண்டாம், இன்வேட்டர் எரிந்துபோகும்.

கிராமப்புறத்து நீண்ட மின்கம்பியின் கடைசியில் உள்ள நிலையங்களில் மூன்று பேஸும் சமமாக இராது. வோல்ற்றளவில் ஒரு வீத ஏற்றத்தாழ்வு மின்னோட்டத்தில் ஆறு முதல் பத்து வீத ஏற்றத்தாழ்வாகப் பெருகும், மோட்டர் சூடாகி வயிண்டிங் போகும். மூன்று வயரிலும் கிளாம்ப் மீற்றரால் அளந்து மாதம் ஒருமுறை எழுதி வைத்தால், மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் முறையிடக் கையில் ஆதாரம் இருக்கும். 2022 மார்ச் 31 இல் நாடெங்கும் 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். ஒரு லீற்றர் டீசல் மூன்று அலகுக்குச் சற்று மேல்தான் தரும். அப்படியான நாட்களில் ஜெனரேற்றரில் எல்லாவற்றையும் ஓட்டாமல், ஒரு புளோவரை மட்டும் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அரைமணிநேரமும், மீள்கசட்டுப் பம்பியை அதோடு சேர்த்தும் ஓட்டினால் கசடு உயிரோடு இருக்கும். மின்சாரம் வந்தபின் நிலையம் ஓரிரு நாளில் வழமைக்குத் திரும்பும்.

இனிக் கட்டப்போகும் நிலையங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். கொழும்பில் காணி இல்லை, அதனால் அங்கே புளோவர் வைத்த சிறு தொட்டி நியாயம். வன்னியில் காணி இருக்கிறது, வெயில் இருக்கிறது. 25 பாகை வெப்பத்தில், வெயிலாலும் பாசியாலும் கழிவுநீரைச் சுத்தமாக்கும் நிலைப்படுத்தும் குளமொன்று ஹெக்டயருக்கு நாளொன்றுக்கு 350 கிலோ சுமையைத் தாங்கும் என்பது வடிவமைப்போர் எடுக்கும் அளவு. 50 கிலோவுக்கு 1430 சதுரமீற்றர், அதாவது ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. கிருமி நீக்கும் இரண்டு ஆழமற்ற குளங்களையும் கட்டுகளையும் சேர்த்தாலும் ஒரு ஏக்கருக்குள் முடியும், புளோவரும் வேண்டாம், அதற்கான மின்சாரமும் வேண்டாம். அடியில் களிமண்ணோ விரிப்போ போடாவிட்டால் கிணறுகளுக்கு ஊறும். கரையில் புல் வளரவிட்டால் நுளம்பு பெருகும். பாசியால் மிதக்கும் திண்மம் 50 ஐத் தாண்டலாம் என்பதால் கடைசியில் ஒரு கல்வடிகட்டி வேண்டும். இவ்வளவும் மண்வெட்டியால் பராமரிக்கக்கூடிய வேலைகள்.

புளோவர்தான் வேண்டும் என்று தீர்மானித்தால், விலைமனுப் பத்திரத்தில் சில வரிகளைச் சேர்க்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். ஒரு பெரிய புளோவருக்குப் பதில், இன்றைய சுமைக்கு ஒன்றும் நாளைய சுமைக்கு ஒன்றுமாகச் சிறியவை இரண்டும், மாற்றுக்கு ஒன்றும். புளோவர் பனலுக்கு என்று தனி மின்மீற்றர். கரைந்த ஒட்சிசன் மானியும் அதற்கு மாற்று முனையும். பொருத்திய விலையை மட்டும் பார்க்காமல், பத்து வருட மின்சாரச் செலவையும் கூட்டி ஒப்பிடும் விதி. ஒப்படைக்கும் நாளில், கனமீற்றருக்கு எத்தனை அலகு என்பதை எங்கள் கண்முன்னே அளந்து காட்டும் கடப்பாடு. அளவைக்கு ஆளில்லை என்று சொல்லவும் முடியாது: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது, வவுனியாவிலும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் இருவர் ஒரு மாதம் மானியோடு நின்றால், ஏற்கனவே ஓடுகிற நிலையம் ஒன்றின் கணக்கு முழுவதும் மேசைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
கழிவுநீர், மின்னியந்திரத் துறைகளில் பணியாற்றும் பொறியியலாளர்கள் சிலர்
வவுனியா